கடைசி டோக்கனுக்குக் கட்டாயம் சனி

ராஜபாளையம் பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் நவநீதகிருஷ்ணன் 'கிராஃப் ஜோதிடம்' ஆரம்பித்ததிலிருந்து எங்கள் தெருவில் நேரத்துக்குச் சோறு வெந்ததில்லை. எல்லாரும் அங்கேதான். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்தும் வரிசையில் நிற்கிறார்கள். நான் வேடிக்கை பார்க்க மட்டும் போனேன். தினமும்.

பிறந்த நேரத்தைச் சொன்னால் கம்ப்யூட்டர் திரையில் வண்ணக் கோடுகள் வளையும். எந்த நிறம் எந்தக் கிரகம் என்று ஓரத்தில் சின்னக் கட்டம்: சிவப்பு சனி, பச்சை குரு. கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் 'தோஷம்' என்று எழுத்து முளைக்கும். முளைக்காது, அவரேதான் தட்டுவார். பரிகாரமும் அவரே.

காலையில் போனவர்களுக்கு யோகம், சாயங்காலம் போனவர்களுக்குக் கண்டம். ஏனென்று யாரும் கேட்கவில்லை. முதல் டோக்கனுக்கு அடித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

எதிர்வீட்டு ஜெயசித்ராவுக்கும் பட்டாளத்துக்காரர் வேல்பாண்டிக்கும் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா இருளம்மாளுக்குக் கிடைத்ததோ கடைசி டோக்கன். நூல்கண்டைப் பூனை கலைத்த மாதிரி திரை முழுக்கக் கோடுகள். கல்யாணம் வேண்டாம் என்று நேரே பெண் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டார்.

கிருஷ்ணன்கோவிலில் இன்ஜினியரிங் படித்த ஜெயசித்ரா அழவில்லை. "அத்தை, நாளைக்கு மொத டோக்கன் எடுப்போம். அதே பொறந்த நேரத்தையே சொல்லுங்க. பொறவு உங்க இஷ்டம்."

மறுநாள் திரையில் நாலே கோடுகள், ஒன்றோடொன்று உரசாமல். தை மாதமே முடித்துவிடலாம் என்றார் ஜோதிடர்.

"நேத்து இதே நேரத்துக்குத்தான ஆகாதுன்னு சொன்னிய?" என்றார் இருளம்மாள்.

கிரகம் ராத்திரியோடு நகர்ந்துவிட்டதாம்.

ஜெயசித்ரா அடுத்த ஆளின் நேரத்தைப் போடச் சொன்னாள். புதுக் கோடுகள் விழுந்தன. பழைய நாலும் அப்படியே கிடந்தன.

"பாத்தியளா அத்தை? காலையில மெஷின போடும்போதுதான் திரை சுத்தமா இருக்கு. அதுக்குப் பொறவு வந்தவுக கோட்ட ஒண்ணையும் அழிக்கல. நேத்து நீங்க பாத்தது ஊரு மொத்தத்தோட கோடு."

சொல்லிக்கொண்டே ஓரக் கட்டத்தில் 'சனி'யை அழித்து 'பால்கோவா' என்று தட்டினாள். சிவப்புக் கோடு ஒரு நூல்கூட அசையவில்லை.

இருளம்மாள் எழுந்தார். "ஏலே, ஊரான் சனியெல்லாம் எம்புள்ள தலையில ஏத்திட்டியே."

தையில் கல்யாணம். ஜோதிடர் கடையைப் பூட்டிவிட்டு வெளியூர் போய்விட்டார்.

குட்டு உடைந்த அன்றைக்கு வரிசையிலிருந்து கலைந்துபோன ஒரு அம்மா என் காதைக் கடித்தார்: "அப்போ காலையில பாத்தது மட்டும் பலிக்கும்லா?"

யோசிப்பதற்கு டோக்கனே வேண்டாம் தாயே. எந்நேரமும் வரலாம். அந்த வரிசைதான் இந்த ஊரில் காலியாகக் கிடக்கிறது.