கம்புவாலி

"பார்த்தது நாய்தான்னு ஒரு வார்த்தை சொல்லிடு மெர்ல். நடுவர் நாற்காலி உனக்கு. இல்லைன்னா எனக்கு வேற வழியில்ல" என்றார் ஊர் விவசாயக் கண்காட்சிக் குழுத் தலைவர் கிரேம் லில்லிகோ.

"நாயைப் பார்த்திருந்தா நாய்னு சொல்லியிருப்பேன். நான் பார்த்தது புலி."

டாஸ்மேனியாவின் எங்கள் மூலையில் இப்படிச் சொல்வது, செத்துப்போன மாமனாரோடு உட்கார்ந்து டீ குடித்தேன் என்று சொல்வதற்குச் சமம். நாய்ச் சாயலும் முதுகில் வரியும் வயிற்றில் பையும் கொண்ட எங்கள் புலியில் கடைசியாக மிஞ்சியது கூண்டில் செத்து, அதைப் பார்த்தவர்களும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அதற்குப் பிறகும் அவ்வப்போது யாராவது பார்க்கத்தான் செய்கிறார்கள். பார்த்தவன் வாயை மூடிக்கொள்வான், அதுதான் ஊர் நாகரிகம். மெர்ல் பிராமிக்குக்கு அந்த நாகரிகம் போதாது.

கிரேம் தொப்பியைக் கையில் உருட்டினார். "இல்லாத மிருகத்தைப் பார்க்கிற கண்ணு, நாளைக்கு மட்டமான ரோமத்துக்கும் முதல் பரிசு குடுக்கும்னு பேசிக்கிறாங்கம்மா."

இது சுருக்கென்று தைத்தது. ஆட்டு ரோமப் போட்டிக்கு மெர்ல்தான் தலைமை நடுவர். புருஷன் போன பிறகு அவளுக்கென்று ஊரில் மிஞ்சியிருந்த மரியாதை அந்த நாற்காலி ஒன்றுதான். அதை விடவும் மனமில்லை, நாய் என்று புளுகவும் மனமில்லை. கோபத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

"சரி, புலி இல்ல. கம்புவாலி."

"அது என்னது?"

"உங்க புத்தகத்துல இல்லாத மிருகம். வாலு கம்பு மாதிரி விறைப்பா நிக்கும்."

"முதுகுல வரி?"

"இருக்கும்."

"வயித்துல பை?"

"அதுவும் இருக்கும்."

"அப்ப புலி மாதிரியேல்ல இருக்கு!"

"புலிதான் அழிஞ்சு போச்சுன்னு நீதானே சொன்னே?"

"அதுவும் சரிதான்" என்றார் கிரேம். அவருக்கு அப்பாடா என்று இருந்தது.

நக்கலுக்குச் சொன்னதை ஊர் நம்பித் தொலைத்தது. அன்று மாலையே மதுக்கடையில் வெர்ன் ஸ்மெட்லி எழுந்து நின்று, "நானும் பார்த்திருக்கேன்டா! புலின்னு நினைச்சுப் பயந்து வாயே திறக்கல" என்றார். பிறகு தபால்காரி பார்த்தாள். பள்ளிப் பேருந்து ஓட்டுபவர் குடும்பத்தோடு பார்த்தார். கசாப்புக் கடையில் கம்புவாலி சாசேஜ் வந்தது. உள்ளே இருந்ததென்னவோ வழக்கமான ஆடுதான்.

பொறுக்க முடியாமல் மெர்ல் மதுக்கடைக்கே போய்க் கத்தினாள். "அட மடையங்களா, அது நான் கட்டிவிட்ட கதை!"

"பாவம், பயந்துட்டா" என்றார் வெர்ன். "சரணாலயம்னு சொல்லி நிலத்தைப் புடுங்கிக்குவாங்கன்னு மறைக்கிறா."

இவர்களுக்கும் கொஞ்சம் மூளை இருக்காதா என்று அவளுக்கு ஒரு நப்பாசை. "அப்படியா? பயந்தா அது பின்பக்கமாவே ஓடும். அதையும் நம்புவீங்களா?"

வெர்ன் மேசையை ஓங்கித் தட்டினார். "அதான் பார்த்தேன்! ஓடுறப்பகூட என்னையே முறைச்சுக்கிட்டே போச்சு!"

செய்தி தலைநகர் ஹோபார்ட்டுக்குப் போயிற்று. மெர்ல் புலி என்று போன் செய்தபோது பாதியிலேயே வைத்துவிட்ட விலங்கு ஆராய்ச்சியாளர் டாக்டர் பிலிப்பா, கம்புவாலி என்றதும் வண்டி நிறையக் கேமராக்களோடு வந்து இறங்கினார். மெர்லுடைய கொட்டகைக்குப் பின்னால் மரத்துக்கு மரம் கட்டினார்.

கண்காட்சியன்று ரோமப் பந்தலில் பெரிய திரை போட்டார்கள். படம் வந்தது. முதுகில் வரி, விறைத்த வால், காது வரை பிளந்த வாய். மெர்லுக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் பார்த்தது பார்த்ததுதான்.

"இதோ, கம்புவாலி!" என்றார் டாக்டர். கூட்டம் விசிலடித்தது. "மெர்ல், இதுக்கு உங்க பேரையே வைக்கப்போறோம்."

கிரேம் அவள் மார்பில் நடுவர் பட்டையைக் குத்தினார். "இனி சாகிற வரைக்கும் நாற்காலி உனக்குத்தாம்மா."

மெர்ல் எழுந்து நின்றாள். "இது புலி. அன்னிக்கும் புலி, இன்னிக்கும் புலி. கம்புவாலின்னு ஒண்ணு உலகத்துலயே கிடையாது."

"மறுபடியும் ஆரம்பிக்காதே" என்று கிரேம் பல்லைக் கடித்தார். "உட்காரு. இல்லைன்னா நாற்காலி போயிடும்."

"போகட்டும்! உங்க எல்லாரையும்விட என் கண்ணு நல்லாத்தான் இருக்கு. நான் பார்த்ததை நான்தான் சொல்லுவேன்."

பட்டையைப் பிய்த்து அவர் கையில் திணித்தாள். நாற்காலியைத் தூக்கி மேடைக்குக் கீழே வீசினாள்.

வெர்ன் மெல்ல மேடையேறி வந்தார். தொப்பியைக் கழற்றிக்கொண்டு திரையையே வெறித்துப் பார்த்தார்.

"கோவிச்சுக்காதே மெர்ல். எங்க தாத்தனுங்கதான் புலியையெல்லாம் சுட்டுத் தீர்த்தாங்கன்னு இத்தனை வருஷமா உலகமே எங்களைக் காறித் துப்புச்சு. இப்பத்தானே தெரியுது, அத்தனையையும் தின்னு தீர்த்தது இந்தக் கம்புவாலின்னு!"