கொம்பு பார்த்துச் சொன்ன அம்புத் தாங்கி

விஸ்கான்சின் மாநிலத்தின் கெட்டில் கிரீக் ஊரில் அந்த வெள்ளிக்கிழமை மதியமே வண்டி நிறுத்த இடமில்லை. ஸ்டூவியின் மதுக்கடையில் மீன் வறுவல் நாலு மணிக்குத்தான். ஆனால் கூட்டம் மீனுக்காக வரவில்லை. கடையின் பின்பக்கப் புல்வெளியில் டெல்மர் ஃப்ரிச் மேசை போட்டிருந்தார். மறுநாள் விடிந்தால் வில் வேட்டைக் காலம் ஆரம்பம். வில்லுக்கு யோகம் பார்க்காமல் காட்டுக்குள் கால் வைக்கலாமா?

யோகம் பார்ப்பது இப்படித்தான். கப்பி வைத்த காம்பவுண்ட் வில்லில், கைப்பிடிக்கு மேலே அம்பு உட்கார ஒரு சின்னத் தாங்கி உண்டு. அம்பு கிளம்பியதும் மடங்கி விழுந்து வழிவிடுவது ஒரு வகை. அம்பைச் சுற்றிப் பிடிக்கும் பிரஷ் வளையம் இன்னொரு வகை. வெறும் இரட்டைக் கம்பி மூன்றாவது. எதை மாட்டுவது என்று மற்றவர்கள் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். டெல்மருக்கு அந்தச் சிரமம் இல்லை. மூன்றையும் மேசையில் பரப்பி, கயிற்றில் கட்டிய மான்கொம்பு நுனியை மேலே தொங்கவிடுவார். எதன்மேல் கொம்பு சுற்றுகிறதோ அதுவே அந்த வில்லுக்கு விதிக்கப்பட்ட ஜோடி. கொம்புக்கு உயர்ந்த ரசனை. விலை குறைந்த தாங்கியின்மேல் அது ஒருநாளும் சுற்றியதில்லை. விலை கூடியது எங்கே கிடைக்கும்? என்ன அதிசயம், டெல்மரின் வண்டியிலேயே கிடைத்தது!

அதை மாட்டி, மான் கொழுப்பைத் தடவி, ஏதோ முணுமுணுத்துவிட்டு ஒரு நிபந்தனை போடுவார்.

"மொத அம்பு மானுக்குத்தான். அதுக்கு முன்னாடி சும்மா விட்டுப் பாத்தீங்க, அருள் பூரா ஒழுகிரும்!"

எப்பேர்ப்பட்ட நிபந்தனை! மான் விழுந்தால் கொம்பின் அருள். விழாவிட்டால் நீ திருட்டுத்தனமாக அம்பு விட்டுப் பார்த்திருக்கிறாய். இரண்டு வருஷமாக இந்த ஊர் இதற்குத் தலையாட்டிக்கொண்டிருந்தது.

தலையாட்டாதவள் சிக்னே ட்வெட்டன். ஊரார் அடிக்கும் மான்களை அறுத்துப் பொட்டலம் கட்டித் தருவது அவள் தொழில். எவன் அம்பு எங்கே பாய்ந்தது என்று அவள் கத்திக்குத் தெரியும். மதுக்கடையில் "நேரா நெஞ்சுல" என்று பீற்றிக்கொண்டவனின் மான் மறுநாள் குடலில் ஓட்டையோடு வந்து கிடக்கும். டெல்மர் வந்த பிறகு அப்படி வருபவை கூடிவிட்டன.

அவளுக்கு அதைவிடப் பெரிய கவலை வீட்டிலேயே இருந்தது. போன அக்டோபரில் அவள் கணவன் ஆர்லோ, அவசரமாக மாட்டிய புதுத் தாங்கியோடு, எய்து பார்க்காமலே காட்டுக்குப் போனான். அம்பு மானின் வயிற்றில் பாய்ந்தது. மான் ஓடிவிட்டது. இருவரும் இரண்டு நாள் சதுப்பில் தேடினார்கள். மூன்றாம் நாள் காக்கைகள்தான் இடத்தைக் காட்டின. ஆர்லோ அங்கேயே உட்கார்ந்து அழுதான். "இன்னொரு மான் அப்படிச் செத்தா என்னால தாங்க முடியாது சிக்னே" என்று வருஷம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். அந்த வேதனையோடு டெல்மரிடம் போனான். "செத்த மானோட கோபம் உன் வில்லுல ஒட்டியிருக்கு" என்று சொல்லி, டெல்மர் நாற்பது டாலர் கூடுதலாக வாங்கிக்கொண்டார். சிக்னேவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அழுகிறவன் சட்டைப் பையில் கைவிடுகிறவனை என்னவென்று சொல்வது?

அதனால்தான் அந்த வெள்ளிக்கிழமை, இறைச்சி சுற்றும் காகிதத்தை ஒரு பழைய ஜன்னல் சட்டத்தில் இழுத்து ஒட்டிக்கொண்டு புல்வெளிக்கு வந்தாள்.

"என்ன சிக்னே, படம் காட்டப் போறியா?" என்றாள் ப்யூலா, தன் புது அருள்வில்லை அணைத்துக்கொண்டு.

"ஆமா. டிக்கெட் இல்லாம பாரு." சட்டத்தை வைக்கோல் கட்டுக்கு முன்னால் நட்டாள். "அம்பு நேராப் போனா காகிதத்துல வட்டமா ஓட்டை விழும், சுத்தி இறகு கீறின கோடு இருக்கும். வாலை ஆட்டிக்கிட்டுப் போனா நீளமாக் கிழியும். ஆர்லோ, ரெண்டு எட்டு தள்ளி நின்னு விடு."

டெல்மர் பதறினார். "வேணாம்மா! அருள் ஒழுகிரும்!"

"மொத அம்புக்கு அப்புறந்தானே ஒழுகும்? மொத அம்புல இருக்கணுமில்ல?"

"அது நியாயந்தானேப்பா" என்றார் ஸ்டூவி.

ஆர்லோ வில்லைக் கீழே இறக்கினான். "விட்டுட்டா நாளைக்கு எனக்கு ஒண்ணுமே இல்லாமப் போயிரும் சிக்னே."

"விடாமப் போனா இன்னொரு மான் ரெண்டு நாள் துடிக்கும். உனக்கு எது வேணும், நீயே சொல்லு."

ஆர்லோ எய்தான். காகிதம் பக்கவாட்டில் ஒரு சாண் கிழிந்தது.

"பொம்பளை கை பட்ட காகிதம்!" என்று கத்தினார் டெல்மர்.

"அந்தக் கை கட்டின சாசேஜை நேத்து நாலு தின்னீரே, அப்ப தீட்டு தெரியலையா?"

புல்வெளி குலுங்கிச் சிரித்தது. ப்யூலா முன்னால் வந்து எய்தாள். மேல்நோக்கிக் கிழிந்தது. ஸ்டூவியின் அம்பு கீழ்நோக்கிக் கிழித்தது. ஒரே அருள், திசைக்கு ஒரு கிழிசல்.

சிக்னே ஆர்லோவின் வில்லை வாங்கி, திருகை நெகிழ்த்தி, தாங்கியை மயிரிழை நகர்த்தினாள். அடுத்த அம்பில் கிழிசல் பாதியானது. இன்னொரு மயிரிழை நகர்த்தினாள். ஆர்லோ எய்தான். காசு அளவு வட்டம், சுற்றி மூன்று கோடு.

"அப்ப எந்தத் தாங்கியைத்தான் வாங்கறது?" என்றாள் ப்யூலா.

"நீ புதருக்குள்ள தவழ்ந்து போறவ. அம்பு நழுவாமப் பிடிச்சுக்கற வளையம் போதும். ஆர்லோ மரத்து மேல அசையாம உக்காந்திருப்பான், விழற தாங்கி ஒத்துக்கும். எதை மாட்டினாலும் விட்டுப் பாத்துத் திருத்தணும், அதான் விஷயம்."

ஆர்லோ அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்ப போன வருஷம்... கோபமும் இல்ல, சாபமும் இல்ல. தப்பு என்னுதா?"

"உன்னுதுதான்" என்றாள் சிக்னே. அவன் தோளில் கை வைத்தாள். "உன் தப்புங்கறதாலதான் உன்னால திருத்த முடியுது."

அவன் தலையசைத்தான். முகம் வெளுத்திருந்தது. ஆனால் நிமிர்ந்து நின்றான். பிறகு டெல்மரின் வண்டியைக் காட்டினான். உள்ளே மான் தோலில் சுற்றி, ரிப்பன் கட்டிய வில் ஒன்று தொங்கியது.

"அய்யா, உங்க வில்லை எடுங்க. அதுலதான் அருள் வழியுமே. ஒரு அம்பு விடுங்க."

"அது... யார் கண்ணும் படக்கூடாது."

ப்யூலா அதற்குள் ரிப்பனை இழுத்துவிட்டாள். தோல் சரிந்தது. பளபளவென்று புது வில். கைப்பிடிக்கு மேலே தாங்கி இருக்க வேண்டிய திருகுத் துளையில் வில் விற்ற கடைக்காரன் செருகிய பிளாஸ்டிக் மூடிகூட இன்னும் கழற்றப்படவில்லை. ஊருக்கெல்லாம் தாங்கி தேர்ந்தெடுத்த மகான், வாழ்நாளில் தனக்கு ஒன்று மாட்டியதில்லை!

"அடப்பாவி, நீ அம்பே விட்டதில்லையா?" என்றார் ஸ்டூவி.

டெல்மர் கொம்பை மேசையிலேயே போட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினார். நாலைந்து பேர் பணத்தைக் கேட்டுப் பின்னாலேயே ஓடினார்கள். மற்றவர்கள் சட்டத்துக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள். ஸ்டூவி மட்டும் சிக்னேவின் பக்கம் வந்து, குரலைத் தாழ்த்தினார்.

"சிக்னே, அந்தக் காகிதத்துல ஒரு துண்டு குடேன். ராசியான காகிதம். வண்டிக் கண்ணாடியில தொங்கவிடறேன்."

சிக்னே அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஸ்டூவி, உன் மண்டைக்குள்ள ஒண்ணு புதுசு கலையாம கெடக்கு பாரு, அதை எடுத்துப் பழகு. மான் வேட்டைக்குத்தான் சீசன் உண்டு. அதுக்கு வருஷம் பூரா அனுமதி!"