மான் படம் போட்ட பாட்டில்

ஒரு காட்டில் ஒரு கிளப் இருந்தது. காடென்றால் கிளப் இல்லாமலா? உறுப்பினராகச் சேர நான்கு பக்கப் படிவம், இரண்டு போட்டோ, பல் எத்தனை என்பதற்கு ஒரு சான்றிதழ். அங்கே விஸ்கி ஊற்றிக் கொடுத்தது சடையன் என்ற கரடி.

மூடியைத் திறந்தால் போதும், எதை ஒன்றும் கலக்காமல் ராவாகக் குடிப்பது, எதைக் காக்டெயிலுக்கு அனுப்புவது என்று சடையனின் மூக்கு சொல்லிவிடும். வருடக்கணக்கில் பீப்பாயில் ஊறி நிதானத்துக்கு வந்ததை ராவாகக் குடிக்க வேண்டும். மிஞ்சிப் போனால் நாலு சொட்டுத் தண்ணீர். இளசாக, முரடாக இருப்பதை எலுமிச்சையோடும் தேனோடும் கலக்க வேண்டும். எதில் போட்டாலும் அது தன் காரத்தை விடாது. இவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்தக் காட்டுப் பெரிய மனிதர்களுக்கு மூக்கு என்பது மூச்சுவிட மட்டும்தான். லேபிளில் என்ன மிருகம் என்று பார்த்துத்தான் குடிப்பார்கள்.

பக்கத்துக் காட்டுப் புலி ராஜா விருந்துக்கு வருவதாகச் செய்தி வந்தது. நடுவில் ஓடும் ஓடை யாருக்கு என்று பேசி முடிக்க வேண்டும். சிங்க ராஜா சடையனைக் கூப்பிட்டார்.

"விருந்தாளி முகம் சுளிச்சா, அன்னிக்கே நீ காட்டை விட்டுப் போயிடணும்."

சடையன் எல்லாவற்றையும் முகர்ந்து பார்த்து இரண்டு பாட்டில்களை எடுத்து வைத்தான். பதினெட்டு வருடம் ஊறியது ராவாக, மூன்று வருடத்தது காக்டெயிலுக்கு. கெட்ட நேரம், முதலாவதில் மான் படம், இரண்டாவதில் சிங்கப் படம்.

கிளப் செயலாளர் குணசீல நரி வந்து பார்த்தார். நகரத்தில் இரண்டு நாள் விஸ்கி வகுப்புக்குப் போய் வந்தவர். அதில் ஒரு நாள் சாப்பாட்டுக்கே சரியாகிவிட்டது.

"ஏம்ப்பா, மானைத் தனியா மரியாதையா உக்கார வச்சுட்டு, சிங்கத்துத் தலையில எலுமிச்சம்பழம் பிழியப் போறியா?"

"அண்ணே, படத்தையா குடிக்கப் போறாங்க?"

"பின்ன, வேற எதைக் குடிக்கிறாங்க?" என்றார் நரி, நிஜமாகவே புரியாமல்.

விஷயம் ராஜாவுக்குப் போனது. சிங்கம் ராவாக, மான் கோலாவில் என்று உத்தரவானது. பதினெட்டு வருடச் சரக்கு, கறுப்புச் சர்க்கரைத் தண்ணீரில், விருந்துக்கு வரும் காட்டுப்பன்றிகளுக்கு! சடையனுக்கு மனசு கேட்கவில்லை. ஒரே ஒரு கிளாஸை மட்டும் கலக்காமல் ஒதுக்கி வைத்தான்.

விருந்தில் புலி ராஜா சிங்கப் பாட்டிலில் ஒரு மிடறு விழுங்கினார். கண்ணில் தண்ணீர் முட்டியது. சிங்க ராஜாவுக்கு மீசை நடுங்கியது. இருவரும் "ஆகா" என்றார்கள். கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே! இரண்டாவது மிடறுக்குப் புலியின் முகம் கோணத் தொடங்கியது. சடையனுக்குப் பாதி உயிர் போய்விட்டது. ஓடிப்போய், ஒதுக்கி வைத்த கிளாஸை அவர் முன் வைத்தான்.

புலி முகர்ந்தார், குடித்தார், கண்ணை மூடிக்கொண்டார்.

"இது எந்த பாட்டில்?"

சடையனுக்கு ஒரே சந்தோஷம். கடைசியில் மூக்குள்ள ஒருவர் கிடைத்துவிட்டார்! உண்மையைச் சொல்ல வாயெடுத்தான். அதற்குள் புலி ஒரு நகத்தால் பல்லைக் குத்திக்கொண்டே கேட்டார்: "புல்லு திங்கிற எதையும் எனக்கு ஊத்தியிருக்க மாட்டேல்ல?"

"சிங்கம்தான் மகாராஜா. அதே பாட்டில். கொஞ்சம் ஆற வச்சேன்."

"அதானே! மானுக்கு இந்த மணம் வருமா?"

ஓடை ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆற வைக்கும் யோசனை தன்னுடையது என்றார் நரி, எல்லோரும் நம்பினார்கள். இப்போது 'சிங்க விஸ்கியை ஆற வைப்பது எப்படி' என்று வகுப்பெடுக்கிறார். கிளப் ஊழியர்களுக்கு அது கட்டாயம். சடையனும் கடைசி வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுக்கிறான். போன வாரம் மோப்பத் தேர்வு நடந்தது. அதில் அவன் ஒருவன்தான் ஃபெயில்.

நீதி: விஸ்கியை மூக்கால் தேர்ந்தெடுங்கள், பதிலை, கேட்பவரின் நகத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.