மடிக்கணினிக்கு நாடி பார்த்த கதை

எங்கள் கட்டடத்தின் மாடிப்படியில் அந்த வாரம் முழுக்கக் கால் வைக்க இடமில்லை. கீழ்த்தளத்து வங்கிக்காரர்கள், முதல் மாடிப் பயிற்சி மையத்து ஆசிரியர்கள், எதிர்க் கட்டடத்து வக்கீல்கள் என்று ஊரே திரண்டு நின்றது. ஒவ்வொருவர் மார்பிலும் ஒரு மடிக்கணினி. தடுப்பூசி போடக் குழந்தையைத் தூக்கி வந்தவர்கள் மாதிரி அணைத்துக்கொண்டு, "உங்களுதுக்கு எவ்வளவு நாளா இப்படி?" என்று ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

வரிசையில் முதல் ஆள் யார் என்கிறீர்கள்? அடியேன்தான்.

வரிசை போய்ச் சேர்ந்த இடம், இரண்டாம் மாடியில் எங்கள் அலுவலகத்துச் சாப்பாட்டு அறை. அங்கே மைக்ரோவேவ் அடுப்புக்குப் பக்கத்தில், மேனேஜரின் சுழல் நாற்காலியில் வீற்றிருந்தார் நாடி சார். மனிதர்களுக்கு நாடி பார்ப்பவர் அல்ல, மடிக்கணினிகளுக்கு. மூடியின் மேல் மூன்று விரலை வைப்பார். கண்ணை மூடுவார். உதட்டைப் பிதுக்குவார். அந்தப் பிதுக்கலிலேயே பாதிப் பேருக்கு வியர்த்துவிடும்.

நாங்கள் எப்படிப்பட்டவர்கள் என்று சொன்னால்தான் இந்தக் கூத்தின் அழகு உங்களுக்குத் தெரியும். காப்பீட்டு நிறுவனத்தின் இழப்பீட்டுப் பிரிவு எங்களுடையது. சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறவர்கள். வண்டி எரிந்துபோய்விட்டது என்று ஒருவர் அழுதுகொண்டே வந்தால், "சாம்பல் எங்கே?" என்று கேட்போம். காலை முறித்துக்கொண்டு வந்தவரிடம், முறிவதற்கு முன்னால் அந்தக் கால் நன்றாக இருந்ததற்கு என்ன ஆதாரம் என்று கேட்போம். அப்பேர்ப்பட்ட நாங்கள் நாடி சாரிடம் கேட்ட ஒரே கேள்வி, "கார்டு எடுத்துப்பீங்களா சார்?"

என் விஷயத்துக்கு வருகிறேன். எனக்குத் தோள்வலி. காரணம் என் பழைய மடிக்கணினிதான் என்று நானே முடிவு கட்டினேன். அதைத் தூக்குவதும் தண்ணீர் நிரம்பிய வாளியைத் தூக்குவதும் ஒன்று. ஆகவே மெல்லியதாக, இலேசாக, வாரப் பத்திரிகை தடிமனில் ஒன்று வாங்கினேன். வாங்கிய புதிதில் நான் ஆடிய ஆட்டம் கொஞ்சநஞ்சமல்ல. வீட்டுக்கு வந்தவர் கையிலெல்லாம் அதைத் திணித்து, "ஒரே விரல்ல தூக்கிப் பாருங்க, சும்மா தூக்கிப் பாருங்க" என்று பாடாய்ப் படுத்தினேன். தண்ணீர் கேன் போட வந்தவர்கூடத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் போக முடிந்தது. என் பேச்சைக் கேட்டு அலுவலகத்தில் பாதிப் பேர் அதே வகையை வாங்கினார்கள். எங்களோடு இருக்கும் என் மனைவியின் தங்கையும் வாங்கினாள்.

தோள்வலி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

"எப்படிப் போகும் அத்தான்?" என்றாள் கொழுந்தியாள். "லேப்டாப்பை மெலிசா வாங்கிட்டு, பைக்குள்ள சார்ஜர், அதுக்கு ஒரு துணை சார்ஜர், மவுஸ், ஸ்டாண்டு, சூடு ஆத்துற ஃபேன், எட்டுக்கால் பூச்சி மாதிரி ஒரு ஒயரு, இது எல்லாத்தையும் போட்டுச் சுமக்கிறீங்க. பையைத் தலைகீழா கொட்டுங்க, சரியாயிடும்."

இவ்வளவு சாதாரணமான காரணத்தை ஒரு படித்த மனிதன் எப்படி ஒப்புக்கொள்வான்? நாடி சார் சொன்ன காரணம் அல்லவா கம்பீரமாக இருந்தது!

"பழைய லேப்டாப்புக்கு சதை இருந்துச்சு," என்றார் அவர். "உள்ள ஓடுற கரண்ட்டை அந்தச் சதை தாங்கிக்கும். இதைப் பாருங்க, வெறும் தோலும் எலும்பும். இதுக்கு சக்தி எங்கேருந்து வரும்? உங்க உடம்புலேருந்துதான் உறிஞ்சுது. தோள்ல வலி இருக்குமே?"

"அய்யோ, கரெக்டா சொல்றீங்களே சார்!"

அப்போதும் அந்த மூட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் நின்றேன்.

நிரூபணமும் கையோடு உண்டு. இடது கையால் மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு, வலது கையைப் பக்கவாட்டில் நீட்ட வேண்டும். "தாங்குங்க பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு அவர் இரண்டே விரலால் அழுத்துவார். கை தொப்பென்று விழும். பிறகு மடிக்கணினியின் அடியில் தபால்தலை அளவுக்கு ஒரு செப்புத் தகடு ஒட்டுவார். அதற்குச் சக்திக் கவசம் என்று பெயர். மறுபடி அழுத்துவார். கை அசையாது. கூட்டம் வாயைப் பிளக்கும். தகட்டின் சக்தி மாதா மாதம் தீர்ந்துவிடும், புதிது வாங்கி ஒட்ட வேண்டும். அது தீரும் தேதியும் எங்கள் சம்பளத் தேதியும் ஒன்றாக அமைந்தது விஞ்ஞானத்தின் விந்தை.

"சர்டிபிகேட் வச்சிருக்கார் சார், வட்ட முத்திரையோட," என்றார் பக்கத்து மேஜைக்காரர். எதைக் கொடுத்தாலும் முத்திரை எங்கே என்று கேட்பதால் அவருக்கு ரப்பர் ஸ்டாம்ப் என்று பட்டப்பெயர். அது எந்த முத்திரை, யார் போட்டது என்று ஒருவரும் படிக்கவில்லை. வட்டமாக இருந்தது, போதாதா?

இத்தோடு நின்றிருந்தால் என் முட்டாள்தனம் என் தோளோடு போயிருக்கும். ஆனால் எனக்கு ஊருக்கு உபகாரம் செய்கிற புத்தி.

கொழுந்தியாள் கட்டட வரைபடம் போடுகிறவள். இன்னொருவர் பெயருக்கு வரைந்து கொடுத்தது போதும் என்று வேலையை விட்டுவிட்டு, முதன்முதலாகச் சொந்தப் பெயரில் ஒரு வேலை பிடித்திருந்தாள். குழந்தைகள் மருத்துவமனைக் கட்டடம். வெள்ளிக்கிழமை காலையில் உரிமையாளர்களிடம் வரைபடத்தைக் காட்ட வேண்டும். பிடித்துப்போனால் சொந்தக் காலில் நின்றுவிடுவாள். இல்லையென்றால் பழைய முதலாளி முன்னால் போய்த் தலையைச் சொறிய வேண்டியதுதான். ராப்பகலாக உழைத்து அவள் கண்ணைச் சுற்றிக் கருவளையம் விழுந்திருந்தது. வேலை செய்தால் கருவளையம் வரும் என்பது எனக்குத் தோன்றவில்லை. மடிக்கணினி உறிஞ்சுகிறது என்று தோன்றியது. புதன்கிழமை காலை அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, அதை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

நாடி சார் மூன்று விரலை வைத்தார். சூடு பட்டவர் போல வெடுக்கென்று எடுத்தார்.

"இது வறண்ட கருவி. கவசம் ஏறாது. வீட்டோட சேர்த்து உறிஞ்சிடும். என்கிட்ட விட்டுட்டுப் போங்க, ஒரு மாசம் ஆற வைக்கணும்."

"ஒரு மாசமா? அவளுக்கு அவசர வேலை இருக்கு சார்..."

"வேலை முக்கியமா, உயிர் முக்கியமா?"

விட்டுவிட்டு வந்தேன். மூலையில் ஏற்கெனவே இன்னும் சில வறண்ட கருவிகள் அடுக்கியிருந்தன. அந்த வறட்சி புத்தம்புதுக் கருவிகளை மட்டும் தேடிப் பிடித்துத் தாக்குகிறதே என்று நான் யோசித்திருக்கலாம். யோசிக்கிற வேலையைத்தான் அவரிடம் ஒப்படைத்துவிட்டேனே!

மாலையில் வீட்டுக்குள் நுழைந்தபோது கொழுந்தியாள் வீட்டையே புரட்டிப் போட்டுவிட்டு, கட்டிலுக்கு அடியில் தேடிக்கொண்டிருந்தாள். நான் பெருமையாக விஷயத்தைச் சொன்னேன். என் மனைவி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். எங்கள் வீட்டில் உடனே பலிக்கிற சகுனம் அது ஒன்றுதான்.

"நகல் எடுத்து வச்சிருப்பியேம்மா?" என்றேன், கொஞ்சம் சுருதி இறங்கி.

"பழைய நகல் இருக்கு அத்தான். படிக்கட்டை எடுத்துட்டு, சின்னப் பசங்களைப் படுக்க வச்சே தள்ளிட்டுப் போற மாதிரி சரிவுப் பாதை போட்டேன் பாருங்க, அதெல்லாம் அதுக்கப்புறம். அந்தப் பாதையை நம்பித்தான் எனக்கு இந்த வேலையே குடுத்தாங்க." சொல்லிவிட்டு, மேஜைமேல் தனியாகக் கிடந்த சார்ஜரைச் சுற்றி வைத்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"என்னங்க, அவ பொழப்பையே கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்திருக்கீங்க," என்றாள் மனைவி.

மறுநாள் கொழுந்தியாள் ஒரு துணிப்பையோடு என்னுடன் அலுவலகத்துக்கு வந்தாள். நாடி சார் அசைந்து கொடுக்கவில்லை.

"பாதியில எடுத்தா விபரீதம். நான் பொறுப்பில்லம்மா."

"பெரியவர் சொல்றார்ல, கேளும்மா," என்றது கூட்டம். மேனேஜரும் தலையாட்டினார். அவர் மடிக்கணினியில் இரண்டு தகடு. பதவிக்கு ஏற்ற பாதுகாப்பு.

"சரி சார்," என்றாள் அவள். "நானே விட்டுட்டுப் போறேன். அதுக்கு முன்னாடி ஒரு சின்ன சந்தேகம். கவசம் இருக்கா இல்லையான்னு கை பொய் சொல்லாம காட்டும், இல்லையா?"

"கை பொய்யே சொல்லாது."

"லேப்டாப் கண்ணுக்கே தெரியாம கவர் போட்டு எடுத்துட்டு வந்தா?"

"இரும்புப் பெட்டியில போட்டு எடுத்துட்டு வாம்மா. சொல்றேன்." கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது, வாய் கொடுத்தாகிவிட்டது.

எங்கள் கோப்புகளைப் போடும் பெரிய பழுப்பு உறைகளை அவள் கேட்டு வாங்கினாள். எங்கள் கருவிகள் அவ்வளவு மெலிதல்லவா, உறைக்குள் வழுக்கிக்கொண்டு போய்விடும். எங்களில் சிலரிடமிருந்து அவற்றை வாங்கிக்கொண்டு கோப்பு அறைக்குள் போய்த் தனியாகக் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே வந்து, "உள்ளே ஒட்டி வச்ச கவர் இருக்கு. நீங்களே கலைச்சு ஒவ்வொண்ணா எடுத்துட்டு வாங்க சார்," என்று மேனேஜரை அனுப்பினாள். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். "என் மூஞ்சியைப் பார்த்துக் கண்டுபிடிச்சாருன்னு நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது."

உறையை அணைத்துக்கொண்டு கையை நீட்ட ஒரு பிரகஸ்பதி வேண்டும். இருக்கவே இருக்கிறேன் நான்.

முதல் உறை. அழுத்தினார், என் கை விழுந்தது. "கவசம் இல்லை!" ரப்பர் ஸ்டாம்ப் தீர்ப்பை உறையின் மேலேயே எழுதி, பழக்கதோஷத்தில் முத்திரையும் குத்தினார். இரண்டாவது. கை நின்றது. "கவசம் இருக்கு!" மூன்றாவதும் நின்றது. அதற்கும் முத்திரை. நான்காவது உறையைத் தொட்டதுமே நாடி சார் முகம் மாறியது.

"வறண்ட கருவி! ஜாக்கிரதை!"

கை விழுந்தது மட்டுமா? என் உடம்பிலிருந்து சக்தி சரசரவென்று இறங்குவதை நான் உணர்ந்தேன் ஐயா, சத்தியமாக உணர்ந்தேன். காதை அடைத்தது, கண்ணை இருட்டியது. "அய்யோ, இதை வாங்கிக்கோங்க யாராவது!" என்று நாற்காலியில் சரிந்தேன். யாரோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

கொழுந்தியாள் திரும்பினாள். உறைகளைப் பிரித்தாள். கவசம் இல்லாத முதல் உறைக்குள் இருந்தது மேனேஜருடைய இரட்டைத் தகட்டுக் கருவி. கவசம் இருக்கிற இரண்டாவதில் தகடே இல்லை. மூன்றாவது சரியாகத்தான் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் ஒன்றாவது சரியாக வராமலா போகும்?

நான்காவதைப் பிரித்து, உள்ளே இருந்ததை எல்லோரும் பார்க்கத் தூக்கிக் காட்டினாள். மரப்பலகை. என் வீட்டு வெங்காயப் பலகை. மடிக்கணினியின் எடை, மடிக்கணினியின் அளவு. அதற்கு முந்தின நாள் அதில் வெங்காயம் நறுக்கியவனே நான்தான். அப்போது உறிஞ்சாத பலகை, உறைக்குள் போனதும் என் உயிரை உறிஞ்சியிருக்கிறது!

மாடிப்படி வரைக்கும் சிரிப்பு ஓடியது.

"மரத்துக்கும் சக்தி உண்டு," என்று முணுமுணுத்தார் நாடி சார்.

"அப்ப இதையும் ஒரு மாசம் ஆற வைக்கலாமா சார்? வீட்டுல சமையலுக்கு வேற வேணும்," என்றாள் அவள். பிறகு என்னிடம், "அத்தான், கையை நீட்டுங்க. இப்ப விழும் பாருங்க." என் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து அழுத்தினாள். விழுந்தது. "இப்ப நிக்கும்." முழங்கைக்கு மேலே அழுத்தினாள். நின்றது. "நுனியில அழுத்தினா எந்தக் கையும் இறங்கும். தோள் பக்கம் வந்துட்டா நிக்கும். இது பாதி வேலை. மீதியை நீங்களே பார்த்துக்கிறீங்க. விழும்னு சொன்னா விழுறீங்க, நிக்கும்னா நிக்கிறீங்க."

மேனேஜருக்கு அப்போதுதான் தாம் எந்தப் பிரிவின் மேனேஜர் என்பது நினைவுக்கு வந்தது. ஆற வைத்த கருவிகள் எங்கே என்று சாம்பல் கேட்கிற குரலில் கேட்டார். நாடி சாருடைய காரின் பின்பக்கத்தில் ஆறிக்கொண்டிருந்தன. கொழுந்தியாளுடைய மடிக்கணினியின் மூடியில், 'ஒருவர் மட்டுமே பயன்படுத்தியது, விலை பேசலாம்' என்று பழைய பொருள் கடையின் சீட்டு ஒட்டியாகிவிட்டது. அன்று மாலை அதைத் துடைத்து வெறுமையாக்கி விற்பதாக ஏற்பாடாம். அவள் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுத் திறந்தாள். திரையில் அந்தச் சரிவுப் பாதை தெரிந்ததும் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. மேனேஜர் போன் செய்து வரவழைத்த காவலர்களோடு நாடி சார் அதே மாடிப்படியில் இறங்கிப் போனார். இந்தத் தடவை எல்லோரும் வழிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை உரிமையாளர்களுக்கு வரைபடம் பிடித்துப்போய், வேலை அவளுக்கே உறுதியானது. நான் என் பங்குக்கு இனிப்பு வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில் ரப்பர் ஸ்டாம்ப் பிடித்துக்கொண்டார்.

"அந்த ஆளு போலி சார். முதல்லயே எனக்குத் தெரியும். என் சகலை தெருவுல அசல் ஒருத்தர் இருக்காராம். லேப்டாப்பைத் தொடவே மாட்டாராம், போன்லயே நாடி பார்த்துச் சொல்லிடுவாராம்!"

"அப்படியா? நம்பர் இருக்கா?"

கேட்டது யார் என்கிறீர்கள்? நான்தான், இதே வாயால்தான்! நல்லவேளை, என் காதே என் வாயைப் பிடித்துக்கொடுத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு வீட்டைப் பார்க்க நடையைக் கட்டினேன். அவர் இன்னும் அந்த நம்பரை வைத்துக்கொண்டு ஆள் தேடிக்கொண்டிருக்கிறார். அடுத்து உங்களிடம் வருவார். அதனால் சொல்லி வைக்கிறேன்: கழுத்துக்கு மேலே ஆளுக்கு ஒன்று இருக்கிறதே, அது உறை பிரிக்காமல் பத்திரமாக வைத்துக்கொள்ளக் கொடுத்ததல்ல ஐயா, தினசரி உபயோகத்துக்கு!