வெல்வெட் உறைக்குள் பேசிய குமிழ்

சகல வாகன ஓட்டிகளுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில், உலகத்தின் எரிபொருள் பஞ்சம் தீர்ந்துவிட்டது. விஞ்ஞானிகள் ஆராய்ச்சிக் கூடத்தைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். எண்ணெய்க் கிணறு தோண்டுகிறவர்கள் குழியை மூடிவிடலாம். கியரானந்தர் வந்துவிட்டார்.

வந்தவர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த பழைய டயர் கிடங்கில் இறங்கினார். கொஞ்ச நாளில் அது கியர் பீடம் ஆயிற்று. காலையில் வாசலில் தொடங்கும் கார் வரிசை பெட்ரோல் பங்க் வரை நீளும். வரிசையில் நின்றவர்கள் யாரும் இன்ஜினை அணைக்கவில்லை. உள்ளே ஏசி ஓட வேண்டுமே! பெட்ரோலைச் சேமிக்க வந்தவர்கள் அங்கே நின்றபடி எரித்த பெட்ரோலில் ஊரையே ஒரு சுற்று வந்திருக்கலாம்.

கியரானந்தர் கொடுத்தது ஒரு செம்புக் குமிழ். கியர்க் கம்பியின் தலையில் இருப்பதைக் கழற்றி எறிந்துவிட்டு இதைத் திருகிக்கொள்ள வேண்டும். மனிதக் கண் பட்டால் சக்தி இறங்கிவிடுமாம். ஆகவே அதற்குச் சிவப்பு வெல்வெட் உறை. பூட்டும்போது கார் முழுவதையும் கறுப்புத் துணியால் மூடிவிடுவார்கள். உள்ளே சாமி மட்டும். துணியை விலக்கி வண்டியை ஓட்டிப் பார்த்தால், அதுவரை இல்லாத ஒரு பச்சை அம்பு வேகம் காட்டும் மீட்டரில் கண் சிமிட்டும். மேலே காட்டினால் மேல் கியர், கீழே காட்டினால் கீழ் கியர். குமிழ் பேசுகிறது! பழைய கார் கொண்டுவந்தவர்களை மட்டும், “உன் வண்டிக்கு இன்னும் பக்குவம் வரவில்லை” என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

தீட்சை பெற்றவர்களுக்கு விதிகள் உண்டு. அம்பு சொன்னதும் கியரை மாற்று. ஆக்சிலேட்டரை மிதிக்காதே. யாரையும் முந்தாதே. இப்படி ஓட்டினால் பெட்ரோல் மிச்சமாகாமல் வேறென்ன ஆகும்? ஆனால் புகழெல்லாம் குமிழுக்குப் போயிற்று. மிதிக்காமல் இருந்த பாதத்துக்கு ஒரு நன்றிகூடக் கிடைக்கவில்லை.

பக்தர்களில் முதல்வர் ஒரு வாடகைக் கார்க்காரர். இன்ஜின் எவ்வளவு அலறினாலும் மூன்றாவது கியரை விடாதவர் என்பதால் ஸ்டாண்டில் அவருக்கு மூணாங்கியர் என்று பெயர். குமிழ் வந்தபின் ஆளே மாறிப்போனார். ஏறுகிற பயணிகளுக்கெல்லாம், கேட்டாலும் கேட்காவிட்டாலும், பிரசங்கம். முன்னால் போன சைக்கிளை முந்தக் கூடாது என்று ஒருவரை ரயிலையே தவறவிட வைத்தார். அந்தப் பயணி சொன்ன வார்த்தைகளை இங்கே அச்சிட முடியாது.

மூணாங்கியரின் மனைவி தையல்காரி. பீடத்துக்கு வெல்வெட் உறை தைப்பதே அவள்தான். வேலை வந்ததில் அவளுக்கு வருத்தமில்லை. ஆனால் ஒருநாள் மூணாங்கியர் வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக, ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் பெருவிழா என்றும், தங்கள் காரை அன்றைக்குப் பீடத்துக்கே எழுதிக் கொடுக்கப்போவதாகவும், கொடுத்தால் தலைமைச் சீடர் பட்டம் என்றும் சொன்னார். தையல் மிஷின் நின்றது. வீட்டில் அடுப்பு எரிவதே அந்தக் காரால்தான்.

“காரைக் குடுத்துட்டு நீங்க எதை ஓட்டுவீங்க?”

“பீடத்தோட காரை.”

“அது யாரு காரு?”

“நம்ம காருதான். ஆனா அப்ப அது பீடத்தோடது.”

அவள் தைத்து முடித்த உறையை எடுத்து, பக்கத்தில் இருந்த பாத்திர மூடியின் குமிழில் மாட்டினாள். மூணாங்கியர் பதறிப்போனார்.

“அளவு பாக்கறேங்க. உங்க சாமி அசல் குமிழைக் கண்ணுல காட்ட மாட்டேங்கறாரு. எனக்கு இதுதான் அளவு,” என்றாள். உறை கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. அவள் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு காலை மூணாங்கியர் குளித்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஹாரன் அடித்தது. பிறகு வைப்பர் ஓடியது. ரேடியோ கத்தியது. பானெட் தொப்பென்று திறந்துகொண்டது. என்ன செய்கிறாய் என்று உள்ளிருந்தே கேட்டார். விழாவுக்கு வண்டியைத் துடைக்கிறேன் என்று பதில் வந்தது. மனைவிக்கும் பக்தி வந்துவிட்டதே என்று மூணாங்கியருக்குக் கண் கலங்கியது. சோப்பாகவும் இருக்கலாம்.

மைதானத்தில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். மூணாங்கியர் காரின் மீட்டருக்கு எதிரே கேமரா வைத்து, அம்பை ஊரே தரிசிக்கும்படி பெரிய திரை கட்டியிருந்தார்கள். அதுவும் சாமியின் ஏற்பாடுதான். கியரானந்தர் மைக்கோடு முன் சீட்டில் ஏறினார். பின்னால் மனைவி, மடியில் கைப்பையோடு. மூணாங்கியர் வண்டியை எடுத்தார். குமிழ் கையில் கொஞ்சம் ஆடியது. ஆனந்தத்தில் ஆடுகிறது என்று நினைத்துக்கொண்டார்.

திரையில் பச்சை அம்பு சிமிட்டியது. கியரானந்தர் வெல்வெட்டின் மேல் கையை வைத்துக் கண்ணை மூடினார். “பேசுகிறது! செம்பின் அதிர்வு என் உள்ளங்கையில் ஏறுகிறது!” கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

“சாமி, பேசறது இந்த உறைக்குள்ள இருக்கறதுதானே?” என்றாள் பின்சீட்டிலிருந்து.

“வேறென்ன மகளே?”

அவள் கைப்பையைத் திறந்து செம்புக் குமிழை எடுத்து நீட்டினாள். “அப்ப இது யாரு?”

மூணாங்கியர் பிரேக்கை மிதித்தார். அவள் எட்டி வெல்வெட்டை உருவினாள். உள்ளே, கம்பியில் துணி சுற்றிச் செருகியிருந்தது பாத்திர மூடியின் கறுப்புக் குமிழ்.

கியரானந்தர் லேசுப்பட்டவரா? தன் கை பட்டதால் மூடிக்கும் சக்தி ஏறிவிட்டது என்றார். பாதிக் கூட்டம் அதற்கும் தட்டியது. அவள் மூடிக் குமிழையும் பிடுங்கி ஜன்னல் வழியாக வெளியே எறிந்தாள். மொட்டைக் கம்பி நின்றது.

“இப்ப ஓட்டுங்க,” என்றாள்.

மூணாங்கியர் சாமியைப் பார்த்தார். ஓட்டாதே என்றது சாமியின் முகம். மனைவியைப் பார்த்தார். அவள் மீட்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மூணாங்கியர் கிளச்சை மிதித்து வண்டியை எடுத்தார்.

அம்பு சிமிட்டியது. எப்போதும் போல, அதே பச்சையில்.

அவள் முன்னால் எட்டி ஸ்டீயரிங் பக்கத்தில் ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தாள். அம்பு காணாமல் போயிற்று. மறுபடி அழுத்தினாள். வந்தது. திரையில் ஊரே பார்த்தது.

“காலையில ஒவ்வொரு பட்டனா அமுக்கிப் பாத்தேன். ஹாரன் அடிச்சுது, தண்ணி பீச்சுச்சு. இதை அமுக்கினப்ப அம்பை நிறுத்தியாச்சுன்னு மீட்டர்லயே எழுத்து வந்துச்சு. மறுபடி அமுக்கி வச்சேன். இது வண்டி செஞ்சவங்க வச்ச அம்பு. கறுப்புத் துணிக்குள்ள நீங்க அமுக்கினது இதைத்தான சாமி? இல்லைன்னா, இன்னொரு காருக்கு துணி போடாம தீட்சை குடுங்க. நாங்க பாக்கறோம்.”

சாமிக்குத் திடீரென்று தியான நேரம் வந்துவிட்டது. வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினார், மைக்கைக் கீழே வைத்துவிட்டு நடந்தார், பிறகு ஓடினார், தன் காரில் ஏறிக் கண்ணில் பட்ட வண்டிகளையெல்லாம் முந்திக்கொண்டு பறந்தார். அந்தக் காரில் கியர் மாற்றுகிற வேலையே கிடையாது. எல்லாம் தானாக மாறும் வகை.

திரும்பும் வழியில் மூணாங்கியர் மெதுவாகவே ஓட்டினார். மொட்டைக் கம்பி கையில் சுட்டது. அம்பு மேலே காட்டியது. மாற்றினார். வண்டி அமைதியாகப் போயிற்று. பெட்ரோலும் மிச்சமாகத்தான் செய்தது.

“ஏதாவது பேசுங்க,” என்றாள்.

“வண்டி வாங்கின நாள்லேர்ந்து அந்த பட்டன் என் கைக்குப் பக்கத்துலயே இருந்திருக்கு,” என்றார்.

கியரை மாற்றச் சொல்ல வண்டியில் விளக்கு வைத்திருக்கிறார்கள். யோசிக்கச் சொல்ல எந்த வண்டியிலும் விளக்கு கிடையாது. அதை அவரவரே போட்டுக்கொள்ள வேண்டும்.

மூடிக் குமிழைத் தேடி மறுநாள் மைதானத்துக்குப் போனாள். அங்கே இல்லை. யாரோ கண்ணில் ஒற்றிக்கொண்டு எடுத்துப் போனதாகச் சொன்னார்கள்.