தெமிஸ் தாய் சொன்ன ‘ஆம்’

கெர்கிராவில் வாழும் மூத்த மைத்துனர் அந்திலோகோஸ் அவர்களுக்கு, அம்பிராகியாவிலிருந்து தெலியாஸ் வணங்கி எழுதுவது. தாங்களும் அக்காவும் பிள்ளைகளும், தங்கள் படகும் ஒலிவ மரங்களும் நலமாக இருக்கத் தேவர்கள் அருளட்டும். நாங்களும் நலம் என்று எழுதுவது மரியாதை, எழுதிவிட்டேன். ஆனால் நலமில்லை.

என் மகள் ஃபிலின்னாவைப் பெண் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் கொர்கோஸ், பெரிய ஆட்டு மந்தைக்காரன், வாயைத் திறந்தால் ஆட்டைப் பற்றித்தான் பேசுவான். இன்னொருவன் குயவன் லூகோன், அவன் வாயையே திறக்க மாட்டான், ஆனால் அவன் வாசலில் வந்து நின்றாலே இவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. என்னால் ஒரு முடிவுக்கும் வர முடியவில்லை. நியாயமும் ஒழுங்கும் தெமிஸ் தாயின் கையில் இருக்கின்றன, தேவராஜன் ஸ்யூஸே தேவர்களைச் சபைக்குக் கூப்பிட அவளைத்தான் அனுப்புகிறார், நாம் எம்மாத்திரம் என்று கழுதையைப் பிடித்துக்கொண்டு அவளிடம் குறி கேட்கத் தொதோனா கோயிலுக்குக் கிளம்பினேன். நாலு நாள் மழை, கழுதை ஆற்றைக் கண்டால் உட்கார்ந்துவிடும், கடைசியில் அதை நான் சுமக்காத குறையாகப் போய்ச் சேர்ந்தால், ஈயத் தகட்டில் கேள்வி எழுதித் தருகிறவன் எனக்கே பாடம் நடத்துகிறான்.

“பெரியவரே, ஜாடியிலேர்ந்து எடுக்கிறப்போ வெள்ளை அவரைக்கொட்டை வந்தா ஆமா, கறுப்பு வந்தா இல்லை. தாய்கிட்ட வேற பதில் கிடையாது. அதுக்குத் தகுந்தாப்ல கேளும்.”

“யோவ், நான் ஊர் நீதி சபையில உக்காந்தவன்யா! எனக்கா சொல்லித் தர்றே?”

சொல்லிவிட்டு நானே எழுதினேன்: ‘என் மகளைக் கொர்கோஸுக்குக் கொடுப்பதா, லூகோனுக்குக் கொடுப்பதா?’ தகட்டைச் சுருட்டிக் கொடுத்தேன். பூசாரிணி ஜாடியில் கையை விட்டாள். வெள்ளை அவரை.

“எந்த ஆமாம்மா இது?” என்று கேட்டேன்.

“தாய் ஆமான்னுட்டா. அடுத்த ஆளு வாங்க” என்றாள்.

வெளியே, காலே கழுவக் கூடாது என்ற விரதத்தில் தரையில் கிடந்த பூசாரியிடம் போனேன். மூக்கைப் பொத்திக்கொண்டுதான் கேட்டேன். “ரெண்டு பேரைக் கேட்டே, தாய் ஆமான்னுட்டா. அப்ப ரெண்டு பேருக்கும் ஆமா” என்றார் அந்த மகான். தெய்வ வாக்கை மறைக்கலாமா? ஊர் வந்து இரண்டு வீட்டுக்கும் போய், தாய் ஆம் என்றாள் என்று சொன்னேன். பொய் இல்லையே! இரண்டு வீட்டாரும் ஒரே நாள் காலையில் நிச்சயத்துக்கு வந்து நின்றார்கள். கொர்கோஸின் அம்மா, “ஏண்டி, சட்டி பானை விக்கிறவளுக்கு இங்க என்னடி வேலை?” என்று ஆரம்பிக்க, லூகோனின் அத்தை, “உங்க ஆட்டு நாத்தம் தெருமுனை வரைக்கும் வருது, மொதல்ல குளிச்சிட்டு வா!” என்று எகிற, மாப்பிள்ளைகள் இருவரும் என்னைத் தேட, நான் எண்ணெய்ச் சாடிக்குப் பின்னால் குந்தியிருந்தேன். மறுநாளே திரும்பவும் தொதோனா. இந்த முறை ஒழுங்காக ஒரே பெயர்: ‘கொர்கோஸுக்குக் கொடுக்கலாமா?’ எழுத்து வரிசையில் அவன்தானே முதலில் வருகிறான், ஒழுங்கின் தெய்வத்திடம் ஒழுங்கு தவறலாமா? வெள்ளை அவரை. லூகோனையும் கேட்டிருக்கலாம், பின்னால் நின்றவர்கள் கத்தினார்கள், வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து ஃபிலின்னா சரியாகச் சாப்பிடுவதில்லை. நேற்று என் எதிரே வந்து உட்கார்ந்து, “அப்பா, நீங்க சொன்னா கொர்கோஸையே கட்டிக்கிறேன். ஆனா அப்புறம் என்னைப் பாக்க அந்த வீட்டுக்கு வராதீங்க. நான் அழுறதை நீங்க பாக்க வேண்டாம்” என்றாள். மச்சான், என்னால் தாங்க முடியவில்லை. தெய்வத்தின் வாக்கை மீறவும் துணிவில்லை. சட்டம் படித்தவர் நீங்கள். வாக்கும் தவறாமல் பிள்ளையும் அழாமல் ஏதாவது வழி இருக்கிறதா என்று பார்த்து, பௌர்ணமிக்குள் வந்து சேருங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். உங்கள் படகுக்கு எப்போதும் பின்காற்று வீசட்டும்.

இப்படிக்கு,
தெலியாஸ்

பின்குறிப்பு: இதை முத்திரை வைக்குமுன் உங்கள் தங்கை மிர்தோவுக்குப் படித்துக் காட்டினேன். கையிலிருந்த தக்களி கீழே விழுகிற அளவுக்குச் சிரித்தாள். அப்புறம்தான் சொல்கிறாள், எங்கள் கல்யாணத்துக்கும் மாமா, அதுதான் உங்கள் அப்பா, அதே ஜாடியிடம்தான் போனாராம், வந்தது கறுப்பு அவரையாம்! இவள் என்னைத் தவிர எவனையும் கட்ட மாட்டேன் என்றதால், வீட்டுக்கு வந்து வெள்ளை என்று சொல்லிவிட்டாராம். கூடப் போனது நீங்களாம்! இருபத்திரண்டு வருஷம் ஒரு வார்த்தை சொன்னீர்களா? தெய்வமே வேண்டாமென்ற மாப்பிள்ளை ஐயா நான்! மேலே எழுதியது எதையும் பொருட்படுத்த வேண்டாம், வழியும் தேட வேண்டாம். லூகோனுக்கு ஆள் அனுப்பிவிட்டேன். கொர்கோஸ் வீட்டுக்கு நானே போகிறேன், திட்டினால் வாங்கிக்கொள்கிறேன். நீங்கள் கல்யாணச் சாப்பாட்டுக்கு வாருங்கள். “தாய் கோவிச்சுக்க மாட்டாளா?” என்று மிர்தோவிடம் கேட்டேன். “இருபத்திரண்டு வருஷமா நம்ம வீட்டைப் பாத்துக்கிட்டுத்தானே இருக்கா, ஒண்ணும் சொல்லலையே” என்றாள்.