மழைக் கோளாறுக்காரர்

மழைக் கோளாறுக்காரர் என்றொரு இனம் உண்டு. வானிலை அலுவலகத்தில் மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே கொஞ்சம் கொழுத்து வளர்கிறது, அவ்வளவுதான்.

எங்கள் அலுவலகத்தில் இருப்பவரைப் பாருங்கள். புயலுக்குள் விமானம் போகும். அதன் வயிற்றிலுள்ள ரேடார் கீழே கடலை நோக்கி அலைகளை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை வைத்து, நீர்ப்பரப்பு எந்த அளவுக்குக் கலைந்து கிடக்கிறது, அப்படியானால் அங்கே காற்று என்ன வேகம் என்று கணக்கிட்டுச் சொல்லும். விமானத்தில் இருப்பவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போய்க் கொண்டுவரும் எண்கள் அவை. இவர் என்ன செய்வார்? ஏசி அறையில் சாய்ந்து, காலையில் தான் போட்ட கணிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒத்துப்போகும் எண்ணுக்கு ஒரு புன்னகை, ஒத்துப்போகாத எண்ணுக்கு ஒரு வெட்டு. கேட்டால், மழையைப் பார்த்து ரேடார் ஏமாந்துவிட்டதாம்! மழை ரேடாரை ஏமாற்றும், உண்மைதான். ஆனால் இவருக்குப் பிடிக்காத இடத்தில் மட்டும் தவறாமல் பெய்கிறதே, அது என்ன மழை? கணிப்பு சரியா என்று பார்க்கத்தானே ஐயா விமானமே போனது!

வீட்டிலும் இதே லட்சணம்தான். ரத்த அழுத்தம் அதிகம் என்று டாக்டர் சொன்னால், டாக்டரின் கருவியைப் பழுது பார்க்கச் சொல்லிவிட்டு வருவார்.

ஒருநாள் படகுகள் கடலில் இருக்கும்போதே, காற்று இவர் கணிப்பைப் போல இரண்டு மடங்கு என்றது ரேடார். எச்சரிக்கை எழுதும் பெண் ஓடிவந்தாள்.

"சார், அந்த எண்ணை மட்டும் வெட்டாதீங்க. படகையெல்லாம் இப்பவே கூப்பிட்டுடலாம்."

"மழைம்மா அது. எடுத்தாச்சு."

"ஒரு சொட்டு மழை இல்லையாம் சார். கடல் வெள்ளையா நுரைச்சுக் கிடக்குதுன்னு விமானத்திலேருந்து சொல்றாங்க."

"பார்த்தா ஆச்சா? அவங்களுக்கு என்னம்மா தெரியும்?"

அடப்பாவி மனுஷா! எனக்கு ரத்தம் கொதித்தது. அவள் தன் மேஜைக்குப் போய் நேராகத் துறைமுகத்துக்குப் போன் போட்டாள். படகுகள் திரும்பின. கடைசிப் படகைக் கட்டுவதற்குள் துறைமுகக் கூரைத் தகடுகள் பறந்தன.

மறுநாள் நம்மவர் டீயை உறிஞ்சிக்கொண்டே சொல்கிறார்: "கடல்ல யாருக்காவது ஏதாவது ஆச்சா? நான்தான் அப்பவே சொன்னேனே!" மேலிடத்தைக் கேட்காமல் போன் போட்டதற்கு அவளுக்கு ஒரு மெமோ வேறு.

சிரிக்கிறீர்களா? நல்லது. போன மாதம் உங்கள் மகள் கண் கலங்கி ஏதோ சொல்ல வந்தாள். "ஏதோ கோபத்துல பேசறா, சரியாயிடும்" என்று டிவி பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். அதற்கப்புறம் அவள் உங்களிடம் எதையுமே சொல்வதில்லை, கவனித்தீர்களா?